அண்ணை வாங்கிய ஆல்பங்கள்

லண்டன் ஆர்ச்வேயில் ஒரு கஃபேயில், சிறுவயதில் நான் கேட்ட அமெரிக்க ராக் குழு ஒன்றின் புதிய ஆல்பம் ஒலித்தது. பாடகரின் குரலில் வயது தெரிந்தது.

எனக்கு ஒன்பது வயதானபோது யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்தோம். ஆங்கிலம் தெரியாததால் பள்ளிக்கூடத்தில் நான் வாயே திறக்கவில்லை. அண்ணை அந்தக் குழுவின் கசெட்டை வாங்கிவந்து, உள்ளே புதுத்தாள் வாசத்தோடு மடிந்திருந்த பாட்டு வரிகளை நீட்டினார்.

"சொல்லுப் பிழைச்சாலும் பரவாயில்லை, சத்தமாப் பாடு."

லண்டன் எட்மண்டனில் இருந்த எங்கள் வீட்டில் கிற்றார் இரைச்சலுக்கு மேலாக இருவரும் கத்திப் பாடினோம். ஒருநாள் மதிய உணவு வரிசையில் ஒரு சிறுமி அந்தப் பாட்டை முணுமுணுக்க, அடுத்த வரியை நான் பாடினேன். அவளே என் முதல் தோழி. பிறகு வந்த ஆல்பங்களையும் அண்ணை தவறாமல் வாங்கினார்.

கஃபேயில் இருந்தபடியே, நன்றி சொல்ல அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "உங்கட குழு புது ஆல்பம் விட்டிருக்கு, அண்ணை!"

"எனக்கு அந்த இரைச்சல் ஒருநாளும் பிடிக்கேல்லை. நீ வாய்திறந்து பாடினது பிடிச்சது. அதுக்குத்தான் வாங்கினனான்" என்றார்.