மீன்காரியின் பனி

ஹாடக் மீனின் முதுகில் கத்தியை ஓட்டிக்கொண்டே மர்டீனா என் தலைக்கு மேலாக மலையைப் பார்ப்பாள். கை மீனில் இருக்கும், கண் ஸ்கூர் லீயா மலையின் தோளில் இருக்கும். பதினைந்து வருடத்தில் ஒரு தடவைகூட விரலை அறுத்துக்கொண்டதில்லை. "மேகம் இறங்குது. அடுத்து நிக்கிறவங்க முழுசாவே வாங்கிக்குங்க, முள்ளெடுத்துத் தர நேரமில்ல" என்பாள். மேகத்துக்கும் முள்ளுக்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் பள்ளத்தாக்கில் யாரும் கேட்பதில்லை. முழு மீனை வாங்கிக்கொண்டு பேசாமல் போவார்கள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அவளுடைய வெள்ளை வேன் என் வீட்டு வாசலில் வந்து நிற்கும். என்னுடையதுதான் கடைசி வீடு, அதற்கு மேல் சாலை கிடையாது. இரண்டு தடவை ஹாரன் அடிப்பாள். சுற்றுப்பட்ட பண்ணைகளிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்து வரிசையில் நிற்பார்கள். தராசில் அரை கிராம் கூடினாலும் சொல்வாள், குறைந்தாலும் சொல்வாள். "போனாப் போகுது, ஒரு கிலோன்னு வச்சுக்க" என்றால் அவளுக்குக் கோபம் வரும். "நான் எதுக்கு வச்சுக்கணும்? தராசு முள்ளு காட்டுறதைச் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் படகு கடலுக்குப் போகாது. அதனால் திங்கட்கிழமை மீன் கிடையாது. மீன் இல்லாத நாளில் மர்டீனா மலைக்குப் போய்விடுவாள். ஐம்பத்தெட்டு வயது, குட்டை உருவம், புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, நாய்கூட இல்லை. நகரத்திலிருந்து மலையேற வருகிறவர்கள் வகைவகையான பூட்ஸும் பளபளக்கும் கைத்தடியுமாக வருவார்கள். இவள் மீன் கழுவும்போது போடுகிற அதே ரப்பர் பூட்ஸ், அதே மஞ்சள் மழைக்கோட்டு, உடைந்த துடுப்பின் காம்பு ஒன்று. அந்தக் காம்பில் சென்டிமீட்டர் சென்டிமீட்டராகக் கோடு கீறி வைத்திருக்கிறாள். மதியச் சாப்பாட்டுக்கு ஓட்ஸ் ரொட்டியும் புகைபோட்ட மீனும். மீன் வாசனைக்கு மான் பயப்படுவதில்லை என்று சொல்கிறாள். உண்மையோ பொய்யோ, என்னைக் கண்டால் ஓட்டம் பிடிக்கிற மான் கூட்டம் அவளைக் கண்டால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்கிறது. அதைத் தொலைநோக்கியில் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எனக்கு அவள்மேல் பொறாமை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் ரோரி. இருபத்தாறு வருடம் இந்தப் பள்ளத்தாக்குச் சாலையில் பனி வாரும் வண்டி ஓட்டியவன். இங்கே பனியைப் பற்றி யாருக்காவது ஏதாவது தெரிந்திருக்க வேண்டுமென்றால் அது எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மீன்காரிக்கு அல்ல.

எடின்பரோவில் ஒரு பெரியவர் இருக்கிறார். கோடை முடிந்தும் உருகாமல் மலை இடுக்குகளில் கிடக்கும் பனித்திட்டுகளை நாடு முழுவதும் கணக்கெடுத்து வருடந்தோறும் பட்டியல் போடுகிறார். புதுக் குளிர்காலத்தின் முதல் பனி விழும்வரை பழைய பனி கையகலம் மிஞ்சினாலும் போதும், 'பிழைத்தது' என்று பதிவாகும். பக்கத்தில் அதைப் பார்த்துச் சொன்னவர் பெயர் இருக்கும். எங்கள் பள்ளத்தாக்குக்கு நேராகப் பத்தொன்பது வருடம் என் பெயர்தான் இருந்தது. நாலு வருடத்துக்கு முன் ஒரு செப்டம்பரில் சமையலறை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, 'இந்த வருடம் ஒன்றும் மிச்சமில்லை' என்று எழுதி அனுப்பினேன். அடுத்த வியாழன், மீனை நிறுத்துக்கொண்டே மர்டீனா கேட்டாள்.

"ரோரி அண்ணே, பின்பக்கம் போய்ப் பாத்தீங்களா?"

"பின்பக்கம் எதுக்கு?"

"அங்கதானே கிடக்கு. மூணு மீட்டர் நாப்பத்தொண்ணு."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். என் மனைவி ஈனாதான் முதலில் சிரித்தாள். நான் மலையின் பின்பக்கம் போய் அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. வலது முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கிய பிறகு ஜன்னலிலிருந்தே எல்லா மலையும் ஏறிக்கொண்டிருந்தேன். அந்த வருடத்திலிருந்து பட்டியலில் எங்கள் பள்ளத்தாக்குக்கு நேராக மர்டீனா மாத்திசன்.

அவள் உச்சிக்குப் போக மாட்டாள். அதுதான் மற்றவர்களுக்கும் அவளுக்கும் வித்தியாசம். நூறடி கீழேயே திரும்பிவிடுவாள். "உச்சியில என்ன இருக்கு? காத்தும், வெளியூர்க்காரன் போட்டுட்டுப் போன சாண்ட்விச் தாளும்தான். மலை தன்னோட சாமானை எல்லாம் இடுக்குலதான் வச்சிருக்கு." ஒவ்வொரு இடுக்காக நுழைந்து பார்த்து, அவளே பெயரும் வைத்துவிட்டாள். நாலு மணிக்கு வெயில் விலகும் இடம் 'நாலு மணிக் குழி'. படிப்படியாகப் பாறை அடுக்கியிருக்கும் இடம் 'ஈனாவின் அலமாரி'. மீன் வாங்க வரும் என் மனைவிக்கு மலையில் ஓர் அலமாரி! ஈனா அதைச் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறாள். அறுபத்தேழு வருடமாக இங்கேயே கிடக்கிற என் பெயரில் ஒரு பள்ளம்கூட இல்லை.

இந்தக் கோடை கடுமையான கோடை. என் கணக்குப்படி ஆகஸ்ட் இருபதுக்குள் அந்தப் பின்பக்கத் திட்டு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். போய்ச் சேரட்டும் என்று தினமும் காலையில் நினைத்துக்கொண்டேன். போய்விட்டால் பட்டியலில் அவள் பெயரும் இருக்காதே! ஆனால் வாராவாரம் வேன் வந்து நிற்கும், நான் கேட்காமலே அவள் சொல்வாள். "ரெண்டு மீட்டர் பத்து." "ஒண்ணு அறுபத்தி ரெண்டு." "ஒண்ணு பன்னண்டு, அண்ணே. மூச்சு இருக்கு."

செப்டம்பர் இரண்டாவது திங்கட்கிழமை தொலைநோக்கியில் ஒன்றைப் பார்த்தேன். மர்டீனா மலையேறிக்கொண்டிருந்தாள். முதுகில் கயிறு போட்டுக் கட்டிய வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி. ஐஸ் போட்டு மீன் வைக்கிற பெட்டி!

எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. சந்தோஷத்தில்தான். வேன் நிறைய ஐஸ் வைத்திருக்கிறவளுக்கு ஒரு பனித்திட்டை உயிரோடு வைத்திருப்பது என்ன கஷ்டம்? "பாத்தியா, ஈனா! ஐஸைக் கொண்டுபோய்க் கொட்டுறா!" என்றேன்.

ஈனா உருளைக்கிழங்கிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அரை கிராமுக்குச் சண்டை போடுறவ அவ. வயிறு எரிஞ்சா ஒரு டம்ளர் மோர் குடிங்க."

மோர் குடிக்கவில்லை. சனிக்கிழமை புறப்பட்டேன். சனிக்கிழமை அவளுக்குத் துறைமுகச் சந்தை, அந்தப் பக்கம் வரமாட்டாள். வியாழனும் வெள்ளியும் கடலில் பேய்க்காற்று அடித்தது, படகுகள் கரையை விட்டு நகரவில்லை என்பது எனக்குத் தெரியும். படகு போகாவிட்டால் மீன் இல்லை, மீன் இல்லாவிட்டால் சந்தை இல்லை என்பது மட்டும் அன்றைக்குப் பார்த்து என் மண்டையில் ஏறவில்லை. இந்தக் கரையில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த கணக்கு. பொறாமை ஆளை இப்படித்தான் முட்டாளாக்கும்.

ஐந்து மணி நேரம் பிடித்தது. பாதி தூரம் கையை ஊன்றித்தான் ஏறினேன். பின்பக்க இடுக்கில், சாய்ந்து நின்ற ஒரு பெரிய பாறைக்கு அடியில் அது கிடந்தது. ஒரு நாய் சுருண்டு படுத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான். மேலே கரித்தூளும் சருகும் படிந்து அழுக்காக இருந்தது. இதற்காகவா நாலு வருடம் தூக்கம் கெட்டேன் என்று இருந்தது. முதலில் மோந்து பார்த்தேன். மீன் வாசனை இல்லை. மேல்பக்கம் வெயிலில் போயிருக்கும், உள்ளே இருக்கும் என்று மண்டியிட்டு, கையை விட்டுத் தோண்டி, மூக்கை உள்ளே நுழைத்தேன். ஈரக்கல் வாசனைதான் வந்தது. ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். சர்க்கரை மாதிரிப் பொடிந்தது. உப்பில்லை, கவிச்சி இல்லை. மண்ணும் பாசியும் சேர்ந்த, போன குளிர்காலத்துச் சுத்தமான பனி.

அந்த நேரத்தில் என் முழங்காலுக்குக் கீழே மளுக்கென்று ஒரு சத்தம். திட்டின் ஓரம் உடைந்து சரிந்தது.

"தாகமா, ரோரி அண்ணே?"

மஞ்சள் கோட்டு பாறைக்கு மேலே நின்றது. வாய் நிறையப் பனி. தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஓடை அந்தா ஓடுதே" என்று சொல்லிக்கொண்டே இறங்கி வந்தாள். முதுகிலிருந்து தெர்மாகோல் பெட்டியை இறக்கினாள். அதிலிருந்து ஒரு பிளாஸ்க், ஒரு ஜோடி காய்ந்த காலுறை, ஒரு நோட்டு வெளியே வந்தன. பிறகு மூடியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். ஈரத்தில் உட்கார ஒரு பலகை, அவ்வளவுதான் அந்தப் பெட்டி.

உடைந்த துண்டுகளை அள்ளி நான் பழைய இடத்தில் வைத்து அமுக்கப் பார்த்தேன். துடுப்புக் காம்பால் என் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். "ஒட்டுப் போடாதீங்க. உள்ளது உள்ளபடி." காம்பை வைத்து அளந்தாள். போன திங்கட்கிழமை தொண்ணூற்றி நாலு. இப்போது எழுபத்தொன்று. பள்ளத்தைப் பார்த்தாள், என் முழங்காலில் ஒட்டியிருந்த கரியைப் பார்த்தாள், நோட்டில் எழுதினாள். பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றி எனக்குக் கொடுத்தாள். என் தாகத்தை நம்பிவிட்டாள் என்றே நினைத்தேன். இறங்கும்போது என் நடைக்குத் தக்கபடி மெதுவாக நடந்தாள், அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை.

அக்டோபர் ஆறாம் தேதி மலை வெளுத்தது. அதற்கு முந்தின நாள் பழைய திட்டு இருபத்தெட்டு சென்டிமீட்டர் மிஞ்சியிருந்தது. பிழைத்துவிட்டது. அடுத்த வாரம் பட்டியல் தபாலில் வந்தது, எனக்கு இன்னும் மரியாதைக்காக ஒரு பிரதி அனுப்புகிறார்கள். ஈனாதான் உரக்கப் படித்தாள். எங்கள் பள்ளத்தாக்கு, ஒரு திட்டு, பிழைத்தது, பார்த்தவர் மர்டீனா மாத்திசன். கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: 'செப்டம்பரில் ஓரம் சேதம். வயதான ஆண்மான் ஒன்று மண்டியிட்டதால்.'

"மானா? அந்தப் பொந்துல மானுக்கு என்ன வேலை? பனியைத் திங்கவா?" என்றாள் ஈனா.

எனக்குத் தெரியாது என்றேன். அரை சென்டிமீட்டரை விட்டுக்கொடுக்காத மர்டீனா, அச்சில் ஏறுகிற இடத்தில், எனக்காக ஒரு முழுப் பொய் எழுதியிருக்கிறாள். பனியில் தோற்றது போதாதென்று இதிலும் தோற்றேன். அப்படி எழுதும் மனசு எனக்கு வந்திருக்காது. அது எனக்கே தெரியும் என்பதால் பொறாமை இன்னும் கூடிற்று. ஒரே ஒரு ஆறுதல் இருந்தது: நான் பள்ளம் பண்ணியது மட்டும்தான் அவளுக்குத் தெரியும், எதற்காக என்பது தெரியாது.

வியாழக்கிழமை ஹாரன் இரண்டு தடவை அடித்தது. ஈனாவை அனுப்பலாம் என்று பார்த்தேன், அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நானே போய் வரிசையின் கடைசியில் நின்றேன். என் முறை வந்தது. இரண்டு ஹாடக் கேட்டேன். மலையைப் பார்த்தபடியே வெட்டினாள், நிறுத்தாள், தாளில் சுற்றி என் கையில் கொடுத்தாள். நான் திரும்பப்போனேன். "ஒரு நிமிஷம், அண்ணே" என்றாள்.

மீன் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு துண்டு ஐஸை எடுத்தாள். துடைக்கவில்லை, மீன் கவிச்சி அப்படியே அடித்தது. அதை என் மூக்குக்கு நேராக நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.