மூட்டை நாளும் நடவு நாளும்

எங்கள் நெல் கொட்டகைக் கதவில் நீலப் பெயின்டால் எழுதிய இரண்டு சொற்கள் இருக்கின்றன. மேலே ‘மூட்டை’, கீழே ‘நடவு’. எடை தூக்கும் இரும்புத் தட்டுகளுக்கு அடித்து மீந்த பெயின்டில் உடற்பயிற்சி மாஸ்டர் எழுதியவை. இந்தப் பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர் கதவையும் அடித்துவிடவா என்று கேட்டார். “அதுல தூரிகை பட்டுச்சுன்னா உங்களுக்கு டீ கெடையாது” என்றேன். மனிதர் பயந்துவிட்டார்.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். இப்போதெல்லாம் அறுத்த நெல் வயலிலிருந்தே விற்பனைக்குப் போய்விடுவதால் கொட்டகை சும்மா கிடந்தது. உடற்பயிற்சிக்கூடம் வைக்க அதைக் கேட்டு வந்தார் மாஸ்டர். ஆணழகன் போட்டிகளில் கோப்பை வாங்கியவர். அந்தக் கதவுக்குள் தோளைச் சாய்த்துத்தான் நுழைவார். அவரிடம் முதலில் சேர்ந்த பெண் என் மருமகள். என் மகன் தவறிய பிறகு தையல் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள், போலீஸ் எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். ஓட்டமும் குண்டு எறிதலும்தான் பாக்கி. வயது வரம்பு தாண்டுவதற்குள் அவளுக்கு இருந்தவை இரண்டே வாய்ப்புகள்.

மாஸ்டருக்குத் தெரிந்தது ஒரே பாடம். கனமான எடை, எட்டுத் தடவை, நல்ல ஓய்வு, அப்புறம் முட்டை. மருமகளின் கைகள் திரண்டன. “அத்தை, இந்த ரவிக்கையும் கையில புடிக்குது” என்று வந்து நிற்பாள். “இனிமே தலையணை உறையைத்தான்டி உனக்குக் கையா வச்சுத் தைக்கணும்” என்பேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான்.

முதல் தேர்வில் குண்டைத் தூர எறிந்தாள். ஓட்டத்தில் முக்கால் சுற்று வரை முன்னால் போனவள், சேற்றில் கால் மாட்டியதுபோல் நின்றுவிட்டாள். வீட்டுக்கு வந்து நேரே அரிசி களைந்தாள். மாஸ்டர் வாசலில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். “என் தப்புதான் பெரியம்மா. பலம் ஏறுச்சே, பொண்ணு ஏன் நின்னுச்சுன்னு தெரியலைங்க.”

“மூட்டை தூக்குற ஆளை நடவுல எறக்கிவிட்டா அப்படித்தாங்க நிப்பான்” என்றேன். வாய் சும்மா இருக்காது எனக்கு, கிண்டலாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் காலை கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் வயலில் வந்து நின்றார். நடவுப் பெண்களுக்குக் கொண்டாட்டம். “அண்ணே, கை ரெண்டையும் கரையில கழட்டி வச்சிட்டு எறங்குங்க, வரப்பு ஒடஞ்சிரும்!” அரை மணி நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் சாய்ந்துவிட்டார்.

“நாத்துல கனமே இல்லையே பெரியம்மா. எப்படிங்க இப்படி அசத்துது?”

“கனமில்லாததத்தான் பொழுதுக்கும் குனிஞ்சு குனிஞ்சு வைக்கணும். மூட்டை தூக்குறவன் நாலு தூக்கிட்டு உக்காந்துக்கிறான். நாங்க எங்கங்க உக்கார்றது, சேத்துலயா?”

அன்று மாலைதான் கதவில் அந்த எழுத்துகள் ஏறின. மூட்டை நாளில் கனத்தை ஏற்றி, கொஞ்சத் தடவை தூக்கி, நிறைய ஓய்வு. சதை வளர அது. நடவு நாளில் லேசான எடை, இருபது இருபத்தைந்து தடவை, மூச்சு வாங்க மட்டும் ஓய்வு, தாக்குப்பிடிக்க அது. கை பெருக்க வந்த பையன்களுக்கு மூட்டை நாள் அதிகம். மருமகளுக்கு வாரத்தில் இரண்டு நடவு, ஒரு மூட்டை, இடையிடையே ஓட்டம். கணக்கை வாராவாரம் சாக்பீஸால் மாற்றுவார். “இத்தனை வருஷமா பாதிக் கதவைத்தான் பெரியம்மா படிச்சிருக்கேன்” என்றார். கோப்பை வாங்கிய மனிதர், மூன்றாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட என்னிடம் அதைச் சொல்ல வெட்கப்படவில்லை. அவரை நினைத்தால் அந்தத் தோள் எனக்கு ஞாபகம் வருவதில்லை, இந்தப் பேச்சுதான் வருகிறது.

இரண்டாவது தேர்வு முடிந்ததும் மருமகள் மைதானத்திலிருந்தே போன் செய்தாள். “நாலாவதாத்தான் வந்தேன் அத்தை. ஆனா நிக்கலை.” தேர்வுக்குக் குறித்த நேரத்துக்குள் ஓடி முடித்ததே போதுமாக இருந்தது.

இப்போது அவள் பட்டுக்கோட்டையில் காக்கி போட்டிருக்கிறாள். மாஸ்டரும் பெரிய இடம் பார்த்துப் போய்விட்டார். போகுமுன், நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுவதைப் பார்த்துவிட்டு, ‘நடவு’க்குக் கீழே சாக்பீஸால் எழுதினார்: பெரியம்மா, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, பத்து. “அறுபது வருஷம் நட்டது பத்தாதாங்க?” என்று கேட்டேன். “அது ஊருக்கு. இது உங்களுக்கு” என்றார்.

வெள்ளையடித்தவர் டீ குடித்துவிட்டுப் போனதும் மருமகள் போன் செய்தாள். “இன்னிக்கு எத்தனை அத்தை?” சொல்வதற்கு முன், கட்டைவிரலை நாக்கில் தொட்டுக் கதவிலிருந்த பத்தை அழித்தேன். பதினைந்து என்று கோணலாக எழுதிவிட்டு, அதையே அவளிடமும் சொன்னேன்.

“நடுவுல நின்னீங்களா?”

“நிக்கலைடி.”