ஆணியில் மிஞ்சிய சட்டை

நம்புகிறவர்கள் நம்பட்டும். வேம்புலி பேய்க்குப் பயப்படுகிற ஆள் இல்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பழைய வீடு இடிக்கிற வேலை. செத்தவர் கட்டிலைத் தூக்கிப் போட்டிருக்கிறான். தூக்கு மாட்டிய உத்தரத்தை அறுத்திருக்கிறான். அறுத்த அன்றே அந்த வீட்டு வாசலில் படுத்துக் குறட்டையும் விட்டிருக்கிறான். அப்படிப்பட்டவன் இப்போதெல்லாம் மாலை ஐந்து மணியானால், கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து நிற்கிறான். நடந்தது நடுராத்திரியில் இல்லை, பட்டப்பகலில். போன ஆகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை. கூட வேலையாட்கள் ஆறு பேர் இருந்தார்கள். கேட்டால் ஆறு பேரும் சொல்வார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

ஆவடிக்கு மேற்கே இருக்கும் அந்தத் தெருவை மிலிட்டரிக்காரர் தெரு என்பார்கள். எழுபத்தொன்றாம் வருஷத்து யுத்தத்துக்குப் போய்வந்த ஏகாம்பரம்தான் அங்கே முதல் குடி. எழுபத்து நாலில் அவர் வந்தபோது வேலிகாத்தான் முள்ளும் பாம்பும்தான். கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. தானே மண் குழைத்து, தானே செங்கல் அறுத்து வீடு கட்டினார். அப்புறம்தான் மற்றவர்கள் தைரியமாக வந்தார்கள். டீக்கடையில் உட்கார்ந்தால் ஒரே கதைதான் சொல்வார். எல்லையில் பதுங்குகுழி சரிந்து அவர் பதினொரு மணி நேரம் மண்ணுக்குள் கிடந்தது. சிநேகிதன் வீரராகவன் நகம் பிய்ந்து போகிற மட்டும் வெறும் கையால் தோண்டி அவரை எடுத்தது. பட்டாளத்தை விட்டபின் இரண்டு பேரும் சேர்ந்துதான் இந்த முள்ளுக்காட்டுக்கு வந்தார்களாம்.

"அந்த வீரராகவன் இன்னா ஆனாரு?" என்று யாராவது கேட்டால், "ஊருக்குப் பூட்டான்" என்பார். பாதி டீயோடு எழுந்து போய்விடுவார்.

அவர் கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. அந்தப் பக்கம் எங்கே வீடு கட்டினாலும், கிணறு தோண்டினாலும், வேலையாட்கள் சட்டையைக் கழற்றி வாசல் சுவரில் அடித்த ஆணியில் மாட்ட வேண்டும். வேலை முடிந்து போகும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். ஐந்து மணிக்கு ஏகாம்பரம் தடியோடு வந்து நின்று ஆணிகளை எண்ணுவார். சட்டை ஒன்று மிஞ்சியிருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். ஒரு கூடை மண்ணைக்கூடத் தள்ள விடமாட்டார். மிலிட்டரிக்காரர் கிறுக்கு என்று சிரித்தார்கள். ஆனாலும் பழகிவிட்டது. வேம்புலியின் அப்பா அப்படித்தான் மாட்டினார். வேம்புலியும் மாட்டுவான்.

ஏகாம்பரம் போய் ஆறு வருஷம். மகள் ஹேமாவதி வீட்டை அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டாள். அதை இடிக்கத்தான் மேஸ்திரி மணவாளன், வேம்புலியையும் சேர்த்து ஏழு பேரோடு வந்திருந்தான்.

அன்று வேம்புலி ஒரு தப்பு செய்தான். துண்டை வீட்டிலேயே விட்டு வந்துவிட்டான். மூக்கெல்லாம் சுண்ணாம்புத் தூசி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆணியில் இருந்த சட்டையை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டான்.

"இன்னா நைனா, தலப்பா கட்டிகினு மாப்ள மாரி கீற" என்று ஜேசிபி ஓட்டும் கோபி கிண்டல் செய்தான்.

"பொண்டாட்டி மாங்காட்டு கோயிலாண்ட நிக்கறா. ஆறு மணிக்குப் போவணும்டா. கொஞ்சம் முன்னாடியே கெளம்பறேன்."

அது மணவாளன் காதிலும் விழுந்தது.

3.50. முன்பக்கம், ஆணி அடித்த வாசல் சுவரை மட்டும் விட்டுவிட்டு, ஜேசிபி மற்றதைத் தள்ளிக்கொண்டிருந்தது. பித்தளைக் குழாய் ஒன்று மிச்சமிருந்தது. கழற்றுகிறவனுக்குத்தான் அது சொந்தம். வேம்புலி தனியாகப் பின்பக்கச் சமையல்கட்டுக்குள் போனான். குழாயைத் திருகக் காலை ஊன்றினான்.

தரை உள்ளே போனது.

கூடவே அவனும் போனான். மேலே பரண் பலகைக்கல் சரிந்து, குழியின் வாயை மூடிக்கொண்டது.

இரண்டு ஆள் உயரம். வட்டமான சுவர். இடுப்புவரை பொலபொலத்த மண். கால்களை அசைக்க முடியவில்லை. அவன் கட்டியிருந்த வாட்ச்சில் பட்டனை அழுத்தினால் பச்சையாக லைட் எரியும். அழுத்தினான். 3.52. பழைய கிணறு. மூடிய கிணறு. அம்பது வருஷத்தில் மண் இறங்கி, நடுவே வெற்றிடமாகிவிட்டிருந்தது.

கத்தினான். மேலே இன்ஜின் சத்தம். இன்னொரு தடவை கத்தினான். தொண்டையில் தூசி அடைத்தது. அப்புறம் காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை.

4.10. பீடி வாசனை.

அவன் பீடி பிடிப்பதில்லை.

4.17. வலது கைப் பக்கம் மண் காய்ந்து மாவாக இருந்தது. இடது கைப் பக்கம் மட்டும் ஈரம். வெதுவெதுப்பான ஈரம்... வியர்வை மாதிரி.

தோண்டிப் பார்த்தான். விரலில் இரும்பு பட்டது. கடப்பாரை. பாதி மண்ணுக்குள் கிடந்தது. அதை நெம்பிக்கொண்டு ஏறிவிடலாம் என்று தோன்றியது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான்.

அந்தப் பக்கமும் இழுத்தது.

கையை விட்டான்.

4.40. மேலே இன்ஜின் நின்றது. கல்லின் இடுக்கு வழியாக மணவாளன் குரல் தெளிவாகக் கேட்டது.

"ஆணி எல்லாம் காலி. வேம்புலி?"

"மாங்காடு பூட்டான் தல. அதான் அவன் சட்ட இல்லியே" என்றது வேறொரு குரல்.

"சரி, பின்னாடி மொத்தத்தையும் தள்ளி மட்டம் பண்ணிடு கோபி. அஞ்சுக்கு முடிச்சிடலாம்."

வேம்புலி வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. கல்லை எடுத்துச் சுவரில் தட்டினான். டக்... டக்... அதற்குள் இன்ஜின் மறுபடி உறுமியது.

4.48.

"மேல எண்ணிட்டாங்களா?"

பக்கத்தில். தோளுக்குப் பக்கத்தில். ஆம்பளைக் குரல்.

கூட வேலை செய்யும் சம்பத்தும் விழுந்துவிட்டானோ என்று நினைத்தான்.

"சம்பத்தா?" காற்றாகத்தான் வந்தது.

மூச்சு மட்டும். ஒரு மூச்சு அவனுடையது. இன்னொன்று...

"உன் சட்ட எங்க?"

"தலைல... கட்டிகினு கீறேன்."

அந்த மூச்சு இன்னும் பக்கத்தில் வந்தது.

"நான் மாட்டிட்டுத்தான் எறங்குனேன்."

வாட்ச்சை அந்தப் பக்கம் திருப்பி அழுத்தினான். மண் சுவர். கடப்பாரை. அதன் மறுமுனை மண்ணுக்குள் போகிற இடத்தில், நாலு விரல் அழுந்திய தடம். ஈரமாக.

4.57. மேலே கல் நகர்ந்தது. மண் கொட்டியது. மார்புவரை.

4.58. இடுக்கு அடைந்தது. இருட்டு.

4.59. கழுத்துவரை.

அவன் தோளை ஒரு தோள் உரசியது. குளிர்ந்து இல்லை... சூடாக.

5.00.

இன்ஜின் நின்றது.

மேலே நடந்ததை மற்றவர்கள் சொன்னது இது. கோபி பின்பக்கம் வளைத்துத் திருப்பும்போது வாசல் சுவர் கண்ணில் பட்டிருக்கிறது. காலியாக இருந்த ஆணியில் ஒரு சட்டை.

"தல, யாரு சட்ட அது?"

"எல்லாரும் எடுத்தாச்சேடா."

மணவாளன் போய்ப் பார்த்தான். சாயம் போன பச்சைச் சட்டை, பட்டாளத்துச் சட்டை. கழுத்துப் பட்டியில் வியர்வை காயவில்லை. ஆறு பேரையும் வரிசையாக நிற்க வைத்தான். யாருடையதும் இல்லை. அவன் அந்தத் தெருவில் தொழில் கற்றவன். சட்டை தொங்கினால் ஆள் உள்ளே.

"மெஷினை அணை. பின்னாடி தள்ளின மண்ண கையால தோண்டுங்கடா."

5.35-க்கு வேம்புலியின் தலையில் கட்டிய சட்டை தெரிந்தது. அக்குளில் கயிறு போட்டுத் தூக்கினார்கள். மேலே வந்ததும் அவன் சொன்ன ஒரே வார்த்தை, "இன்னொருத்தன் கீறான்."

மறுபடி எண்ணினார்கள். ஏழு பேரும் இருந்தார்கள்.

விஷயம் கேட்டு ஹேமாவதி கொரட்டூரிலிருந்து ஆட்டோ பிடித்து வந்தாள். மணவாளன் கையில் இருந்த சட்டையைப் பார்த்ததும் இடிந்த செங்கல்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இது எங்க கெடைச்சுது?"

"ஆணில தொங்கிகினு இருந்திச்சும்மா."

"எங்கப்பா சாகற வரைக்கும் சமையல்கட்டுல மாட்டி வெச்சிருந்த சட்ட. யாரையும் தொட உட மாட்டாரு. கடசியில அவருகூட வெச்சு எரிச்சிட்டோம். நான்தான் நெஞ்சு மேல வெச்சேன்."

மீதியை அவள் மெதுவாகச் சொன்னாள். எழுபத்து நாலில் இரண்டு பேரும் இங்கே கிணறு வெட்டினார்கள், முப்பதடி தோண்டியும் தண்ணீர் வரவில்லை. சரி, மூடிவிடலாம் என்று முடிவு. விட்டுவந்த கடப்பாரையை எடுக்க வீரராகவன் கடைசியாக ஒரு முறை இறங்கியிருக்கிறார். ஏகாம்பரத்துக்குத் தெரியாது. அவர் பொழுது சாய்வதற்குள் மண்ணைத் தள்ளிவிட்டார். மறுநாள் காலையில்தான் முள்மரத்தில் வீரராகவனின் இதே சட்டை தொங்குவதைப் பார்த்தார். பயந்துபோய், அதன்மேலேயே சமையல்கட்டைக் கட்டினார்.

"சாகறதுக்கு முன்னாடிதான் சொன்னாரு. கடசி வருஷம் அஞ்சு மணியானா தரையில காத வெச்சுப் படுத்துக்குவாரு. யார்கிட்டப்பா பேசறன்னு கேப்பேன். ஒண்ணையேதான் திருப்பித் திருப்பிச் சொல்வாரு. 'மேல எண்ணிட்டாங்களான்னு கேக்கறான்மா. நான் இன்னா சொல்றது?'"

வேம்புலி கிணற்றில் கேட்டதை அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

போலீஸ் வந்தால் மூன்று மாசம் வேலை நின்றுவிடும் என்று, கட்டுகிறவர்கள் எல்லார் வாயையும் அடைத்தார்கள். மணவாளன் அந்தச் சட்டையை மறுபடி ஆணியில் மாட்டினான். தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். திங்கட்கிழமை வேறு ஊர் ஆட்கள் வந்தார்கள். பனியனோடு வேலை செய்கிறவர்கள், சட்டை மாட்டுகிற வழக்கமில்லை. ஆணியில் கிடந்த பழந்துணியை எடுத்து மெஷினின் கிரீஸைத் துடைத்தார்களாம்.

காலை பத்து மணிக்குள் பள்ளத்தை மூடியாகிவிட்டது.

யாரும் எண்ணவில்லை.