அண்ணாவின் மணிக்கூடும் இரணைமடு மீன்களும்

பதினாறு வருடங்களுக்குப் பிறகு கனடாவிலிருந்து வந்து இறங்கிய அண்ணா, எங்களுக்கு இரண்டு பெட்டி சாமான்களும் தனக்கு ஒரு தூண்டில் தடியும் கொண்டுவந்தார். சண்டை நின்று வன்னிக்குப் பாதை திறந்த அடுத்த வருடம், ஓகஸ்ட் விடுமுறை. நீளமான கறுப்புக் குழாய்க்குள் இருந்த அந்தத் தடியை வழியிலிருந்த இராணுவத்தின் சாவடியிலும் இயக்கத்தின் சாவடியிலும் வெளியே இழுத்துப் பார்த்து, இது என்ன அன்ரனாவா என்று கேட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டபோதுதான் சமாதானம் நிலைக்கும் என்று எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. ஒரு விஷயத்திலாவது இரண்டு பக்கமும் ஒத்துப்போயிருந்தன.

நான் அப்போது உருத்திரபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அதனால் தன் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டின் அருமை எனக்குத்தான் விளங்கும் என்று அண்ணா நினைத்தார். அந்த மணிக்கூட்டில் முள்ளுக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன மீன் படங்கள். நான்கு மீன் கறுத்தால் மீன்களுக்கு நல்ல பசி. ஒன்றும் கறுக்காவிட்டால் அவை விரதம்.

"குளத்திலை இருக்கிற மீன் எல்லாம் ஒரே நேரத்திலைதான் சாப்பிடத் தொடங்கும். சந்திரன் நிக்கிற இடத்தைப் பாத்து இது கணக்குப் போட்டுச் சொல்லும். நாளைக்குப் பதினொண்டு இருவதுக்கு. நீ ஆயத்தமா நில்லடி" என்றார்.

"அண்ணா, இந்த வெயிலுக்கை மனுசரே சாப்பிடாயினம்."

"நீ படிப்பிக்கிறது பழைய புத்தகம்."

மறுநாள் காலை என் மோட்டார் சைக்கிளில் அவரை ஏற்றிக்கொண்டு இரணைமடுக் குளத்துக்குப் போனேன். தடி, குடை, மடிக்கிற கதிரை, மூன்று தட்டுப் பெட்டி நிறைய றப்பர் புழுக்கள். உச்சி வெயிலில் அவர் கதிரையில் இருந்தார். நான் குடை பிடித்தேன். தென்மேற்குச் சோளகக் காற்று குடையைப் பிடித்தது. பதினொன்று இருபதுக்கு அண்ணா தூண்டிலை வீசினார். மீன்கள் வரவில்லை. அவற்றிடம் மணிக்கூடு இல்லாததுதான் காரணமாக இருக்கவேண்டும்.

ஆறு நாட்கள் இப்படிப் போயின. அண்ணாவின் கழுத்து உரிந்தது. குசினியில் அம்மா ஒவ்வொரு நாளும் மீன் குழம்புக்குத் தேங்காய் துருவிப் புளி கரைத்து வைத்துவிட்டு, மத்தியானம் பருப்பு வைத்தார்.

நாங்கள் வெயிலில் காய்ந்தது போதும் என்று கிளம்பப் பின்னேரமாகிவிட்ட சில நாட்களில், குளக்கட்டில் ஒரு பெண் எதிரே வருவார். மலைநாட்டிலிருந்து சிறு வயதில் தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்து, கூலிக்கு வயல் வேலை செய்துகொண்டிருந்தவர். அவருடைய மகள் என் வகுப்பில் படித்தாள். கையில் ஒரு மூங்கில் தடி, ஒரு வாளி, சிரட்டைக்குள் மண்புழு. ஒரு நாள் அவருடைய வாளி நிரம்புவதை நான் நின்று பார்த்தேன். அரை மணித்தியாலம் ஆகவில்லை. ஒன்பது திலாப்பியா.

"எப்பிடி இந்த நேரம் மீன் வரும் எண்டு தெரியும்?" என்று கேட்டேன்.

"காத்து விழுந்தா வரும் டீச்சர். வாசல்ல நிண்டு மரத்தப் பாப்பேன். இலை ஆடலன்னா வாளிய எடுத்துக்கிட்டு வந்துருவேன்."

பதினைந்து வருடம் விஞ்ஞானம் படிப்பித்த எனக்கு அது தோன்றவில்லை. பகல் முழுவதும் காற்று குளத்தைக் கலக்குகிறது, கரையோரம் சேறாகிறது, பூச்சிகள் அடித்துச் செல்லப்படுகின்றன. காற்று விழுந்ததும் பூச்சிகள் தண்ணீரில் இறங்குகின்றன. வெயில் சரிய, ஆழத்தில் கிடந்த மீன்கள் மேலே வருகின்றன. மீன்கள் கூட்டம் கூட்டி முடிவெடுப்பதில்லை. காற்றும் வெளிச்சமும் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் மாறுகின்றன, அவ்வளவுதான். எங்கள் சனம் வீடுகளை விட்டுக் கிளம்பியதும் அப்படித்தான். யாரும் யாரையும் கேட்கவில்லை. ஷெல் சத்தம் எல்லோருக்கும் ஒன்றாகக் கேட்டது.

இதை அண்ணாவுக்கு விளக்கினேன். சந்திரனை விட்டு மரத்தைப் பார்ப்பதா என்று சிரித்தார்.

ஏழாவது நாள் மணிக்கூட்டில் ஒரு மீனும் கறுக்கவில்லை. ஆனாலும் கனடாவுக்குத் திரும்புமுன் குளத்தோடு ஒரு படம் எடுக்கவேண்டும் என்றார். பின்னேரம் மூன்று மணிக்குப் போனோம். வானம் மூடியிருந்தது. காற்று அன்றைக்கு நேரத்தோடு விழுந்துவிட்டது. அந்தப் பெண் எங்களுக்கு முன்பே வந்து இருந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, கண்ணாடிபோல் கிடந்த தண்ணீரில் ஒரு வட்டம், பிறகு பத்து, பிறகு கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் வட்டங்கள். தூரத்தில் வள்ளத்தில் நின்றவர்களும் குனிந்து வேலையைத் தொடங்கினார்கள்.

அண்ணா அவசரமாக வீசினார். இரண்டாம் வீச்சில் தடி வளைந்தது. என் முழங்கை நீளத்தில் ஒரு விரால். அவருடைய கண் கலங்கியது. அந்த நேரம் எனக்கு அவரை நக்கலடிக்க மனம் வரவில்லை. படம் எடுத்தேன். பிறகு அவர் குனிந்து, கொக்கியைக் கழற்றி, மீனைத் தண்ணீருக்குள் விட்டார். அது ஒரு வாலடியில் போய்விட்டது.

அந்தப் பெண் எழும்பி நின்றுவிட்டார்.

"ஏங்க ஐயா, மீனுக்கு ஏதும் சீக்கா?"

"இல்லை. கனடாவிலை இப்பிடித்தான். பிடிச்சிட்டு விட்டுடுவம்."

"அப்ப எதுக்குங்க புடிக்கிறீங்க?"

"ஒரு சந்தோசத்துக்கு."

"மீனுக்கும் சந்தோசமாங்களா?"

அவர் நக்கலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மணிக்கூட்டின் பொத்தான்களை அமத்திக்கொண்டு நின்ற அண்ணா, கொஞ்ச நேரத்தில் முகம் மலர்ந்து திரும்பினார்.

"எடி, இது இன்னும் ரொறன்ரோவிலை நிக்குது. இடத்தை மாத்த மறந்திட்டன். பிழை மணிக்கூட்டிலை இல்லை."

அந்த ஒரு கிழமை ரொறன்ரோ ஏரி மீன்களுக்கு நான் குடை பிடித்திருக்கிறேன்.

கிளம்பும்போது அந்தப் பெண் வாளியிலிருந்து நான்கு மீன்களை என் பைக்குள் போட்டார். வேண்டாம் என்றேன். "ஐயா வெறுங்கையோட போகக் கூடாதுங்க" என்றார். அம்மா அன்று குழம்பு வைத்தார். மீனை யார் பிடித்தது என்று நாங்கள் சொல்லவில்லை. அண்ணா மூன்று மீன் சாப்பிட்டுவிட்டு, கனடா மீனில் இந்த ருசி இல்லை, ஆனால் முள்ளுக் குறைவு என்றார்.

விடிந்ததும் அம்மா வேலிக்கு வேலி நின்று மகன் மீன் பிடித்துக்கொண்டுவந்த கதையைச் சொன்னார். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அந்தப் பெண்ணும் நின்று கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஓமுங்க, நானும் பாத்தேன். நல்ல பெரிய மீனு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.