விஜயா ஒட்டிய சிவப்புப் பொட்டு

மசாலா பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிரிக்கும்போது நாக்கு நுனியில் சுர்ரென்று ஒரு காரம் ஏறும் பாருங்கள்... இத்தனை வருடம் கழித்தும் நினைத்தால் எனக்கு எச்சில் ஊறுகிறது. என்ன செய்ய, அத்தனை ருசி!

குன்றத்தூரில் மாடி ரூம். நானும் விஜயாவும்.

நான் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரகடத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கு ட்ரெய்னியாக வந்தவள். விஜயா அரக்கோணத்துக்காரி, அதே கம்பெனியில் கான்ட்ராக்ட். அவளுக்கு, வெளியிலிருந்து வரும் பார்ட்ஸைச் சோதித்து உள்ளே அனுப்புகிற இன்ஸ்பெக்‌ஷன் வேலை. சரியாக இருந்தால் பெட்டியில் பச்சை ஸ்டிக்கர், இல்லாவிட்டால் சிவப்பு. சிவப்பு ஒட்டிவிட்டால் அது நாங்கள் பொருளைப் பூட்டுகிற லைன் பக்கமே வரக்கூடாது.

எங்கள் அடுப்படி என்பது ஒரு கரண்ட் கெட்டில்தான். ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் தூங்கி வழிந்து வந்து சேர்ந்தால் சமைக்க யாருக்குத் தெம்பு? வெந்நீர், நூடுல்ஸ், தொட்டுக்கொள்ள மசாலா சிப்ஸ். ஞாயிற்றுக்கிழமை விசேஷமென்றால் பாக்கெட் சூப்! கூடவே ஆரஞ்சு கலரில் கூல் டிரிங்க்ஸ்... குடித்துவிட்டு நாக்கை நீட்டி, யாருக்கு அதிகம் கலர் ஏறியிருக்கிறது என்று கண்ணாடியில் பார்ப்போம். பைத்தியங்கள்!

ட்ரெய்னிங் முடிந்து பெர்மனென்ட் ஆகும் நேரம். அதற்கு முன்னால் மெடிக்கல். கம்பெனி நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். மீட்டரைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் சுற்றினார்.

டாக்டர் கேட்டார், "டெய்லி என்னம்மா சாப்பிடுற?"

சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மத்த டெஸ்ட்ல ஒண்ணும் கோளாறு இல்ல. ஆனா இந்த வயசுல இவ்ளோ பிரஷர் இருக்கக்கூடாதும்மா. பாக்கெட் சாப்பாட்டுல எவ்ளோ உப்பு உள்ள போகுதுன்னு நாக்குக்கே தெரியாது. அதை நிறுத்திட்டு ரெண்டு மாசம் கழிச்சு வா. குறைஞ்சாதான் ஃபிட்னு கையெழுத்துப் போட முடியும்."

கையெழுத்து இல்லையென்றால் பெர்மனென்ட் இல்லை. பெர்மனென்ட் இல்லையென்றால் ஊருக்குக் கிளம்பி வந்துவிடு என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார். அங்கே ஒரு மாப்பிள்ளை வேறு ரெடி. எனக்கோ அந்த லைனும், என் கையால் பூட்டித் திறக்கிற அந்த ரூமும்தான் உயிர்.

மொட்டை மாடியில் உட்கார்ந்து அழுதேன். விஜயா வந்தாள்.

"இன்னாத்துக்குடி அழுவுற? யார்னா செத்துட்டாங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். விறுவிறுவென்று கீழே போனாள். கொஞ்ச நேரத்தில் நானும் இறங்கிப் போனால்... அலமாரியிலிருந்த பாக்கெட் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

"இன்னாடி இது, கலர்ன்றான், ஃப்ளேவர்ன்றான்... நம்பர் நம்பரா போட்டுகீறான். இதெல்லாம் இன்னான்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கென்னட்டி தெரியும்?"

"எனக்கும் தெரியாது. தெரியாத பார்ட்ட லைன்ல ஏத்துவமா?"

சொல்லிவிட்டுத் தன் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தாள். நூடுல்ஸுக்கு ஒரு சிவப்புப் பொட்டு. சிப்ஸுக்கு ஒன்று. சூப்புக்கு ஒன்று. பாக்கெட்டெல்லாம் கல்யாணப் பெண் மாதிரி பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அழுதுகொண்டிருந்த நான் சிரித்துத் தொலைத்தேன். கடைசியாக, அவள் உயிரையே வைத்திருந்த மாங்காய் ஊறுகாய் பாட்டில்... அதற்கும் ஒன்று!

"ஏட்டி, அது உன்னுதுல்லா?"

"ஒரே ரூம்ல ரெண்டு மெனுவா? நான் துன்னுகினு இருந்தா நீ வேடிக்கை பாப்பியா? போவட்டும் வுடு."

மறுநாள் பொட்டு தீர்ந்துபோய் வெறும் நெற்றியோடு வேலைக்குப் போனாள் மகராசி.

ரைஸ் குக்கர் ஒன்று வாங்கினோம். யார் முதலில் வருகிறோமோ அவர் அரிசி போடவேண்டும் என்று பேச்சு. பேச்சுதான்... முக்கால்வாசி நாள் அவள்தான் போட்டாள். பாசிப்பருப்பு, கீரை, உப்புக் குறைத்த ரசம். முதல் வாரம் எல்லாம் சப்பென்று இருந்தது. ஒவ்வொரு வாய்க்கும் அவள் முகம் என்னைவிடக் கோணும். ஆனாலும் அந்த பாட்டிலை அவள் தொடவே இல்லை.

ரெண்டு மாதம் கழித்து நர்ஸ் மறுபடியும் பட்டையைச் சுற்றினார். இந்த முறை ஒரே தடவைதான்.

"நார்மல்மா. இதே மாதிரி சாப்பிடு."

ரூமுக்கு ஓடினேன். விஜயா எப்போது வாங்கி வைத்திருந்தாளோ, ஒரு கலர்ப் பொட்டு அட்டை... அதிலிருந்து பச்சையை எடுத்து என் நெற்றியில் ஒட்டினாள். "பாஸ்டி!" என்று கத்தியதில் கீழ்வீட்டு அக்கா என்னமோ ஏதோ என்று ஏறி வந்துவிட்டார்.

அந்த மாதக் கடைசியில் விஜயாவின் கான்ட்ராக்ட் முடிந்தது. கம்பெனி அதைப் புதுப்பிக்கவில்லை. என்னைப் பாஸ் பண்ணவைத்தவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அவளோ ரைஸ் குக்கரை என்னிடம் விட்டுவிட்டு, ஊறுகாய் பாட்டிலை மட்டும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

இப்போது மணிமங்கலத்தில் சொந்த வீடு. அதே கம்பெனி. பிரஷர் நார்மல். மாப்பிள்ளையையும் நானே பார்த்துக்கொண்டேன். கடைக்குப் போனால் அப்போதைவிட அதிகப் பாக்கெட், அதிகக் கலர். நான் ஒன்றும் சாமியார் இல்லை, மகள் அடம்பிடித்தால் எப்போதாவது நூடுல்ஸ் வாங்கத்தான் செய்கிறேன். ஆனால் பின்பக்கத்தைப் புரட்டாமல் கூடையில் போடுவதில்லை. அந்தப் பழக்கம் விஜயா கொடுத்தது. இந்த வீடு, இந்த வேலை எல்லாமே அவள் ஆக்கிப் போட்ட சோற்றில் வந்தது என்றுதான் நான் சொல்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். ஊரில் தையல் கடை வைத்திருக்கிறாள். வந்தவள் நேராக அடுப்படிக்குப் போய் அலமாரியைத் திறந்தாள்.

"அடிப்பாவி!"

தன் நெற்றியிலிருந்த சிவப்புப் பொட்டை எடுத்து நூடுல்ஸ் பாக்கெட்டில் ஒட்டிவிட்டாள். மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

"ஏட்டி, நெத்திப் பொட்டையா எடுப்பே?"

"வேற வச்சிகினா போச்சு."

உள்ளே போய் மகளின் கலர்ப் பொட்டு அட்டையை எடுத்து வந்தேன். பச்சையைத் தேடி எடுத்து அவள் நெற்றியில் ஒட்டினேன்.

"இன்னாடி இது?"

"பாஸ்ட்டி."

சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாயங்காலம் பஸ் ஏறும்வரை அந்தப் பச்சைப் பொட்டை அவள் எடுக்கவே இல்லை.