மூன்றாவது பிளக்குக்குக் கட்டிய நூல்

எங்கள் வண்டியில் மூன்று ஸ்பார்க் பிளக். இரண்டை யார் வேண்டுமானாலும் கழற்றலாம். மூன்றாவதை என் கையால்தான் கழற்ற முடியும். பெருமைக்குச் சொல்லவில்லை, என் கை அவ்வளவு ஒல்லி. பெண் பார்க்க வந்த அன்றே என் மாமியார், "இன்னா கையி இது, கரண்டிக் காம்பு மாதிரி" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அந்தக் காம்பை நம்பித்தான் பிறகு அவர் பிள்ளையின் வண்டி ஓடியது.

அது ஒரு பழைய பெட்ரோல் வண்டி. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. செம்பாக்கம் ஏரியைச் சுற்றியிருக்கும் நகர்களுக்கெல்லாம் என் கணவர் அதில்தான் தண்ணீர் கேன் போட்டுக்கொண்டிருந்தார். எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கினால் முதல் இரண்டு பிளக்கும் கண்ணில் படும். மூன்றாவது பின் மூலையில், ஒரு குழாய்க்கும் இரும்புத் தகட்டுக்கும் நடுவில் ஒளிந்திருக்கும். தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தாம்பரத்து மெக்கானிக்குகளிடம் கேட்டால், "எஞ்சினையே கீழ இறக்கணும்ணா" என்பார்கள். ஒருநாள் கோபத்தில் அவர் தன் கையையே உள்ளே விட்டார். தோலை உரித்துக்கொண்டு வெளியே எடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்கிற இல்ல? நீ வுட்டுப் பாரு, தெரியும்" என்றார்.

விட்டேன், போய்விட்டது. அன்றிலிருந்து அந்த பிளக் என் தலையில் விழுந்தது.

கை போவதற்கு வளையல்தான் இடைஞ்சல். குழாயில் இடித்தால் கண்ணாடி வளையல் உடைந்துவிடும். கழற்றி வைக்கலாம் என்றால் அவர் விட மாட்டார். சுமங்கலி கை மொட்டையாக இருந்தால் புருஷனுக்கு ஆகாதாம். இதைச் சொன்னது யார்? ராகு காலத்தில் வண்டியை எடுக்கிற மனுஷன். பூனை குறுக்கே போனால் அதற்கு ஹாரன் அடிக்கிறவர். ஆயுத பூஜைக்கு வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைக்க நான்தான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்த வேண்டும். அப்படிப்பட்டவருக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சின்னப் பிள்ளை மாதிரி பயம்.

"இந்தக் கையிலதான் வளையல் கீதே" என்று இடது கையை ஆட்டிக் காட்டினேன்.

"ரெண்டு கையிலயும் இருக்கணும்."

"உங்க உசுரு இன்னா என் வளையல்லயா கீது?"

"கீதோ இல்லியோ. எதுக்கு ரிஸ்க்கு?"

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். எண்ணெய் துடைப்பதற்கு ஹார்டுவேர் கடையில் வேஸ்ட் என்று சிக்கல் சிக்கலான நூல் கட்டு விற்பார்களே, அதிலிருந்து ஒரு நூலை உருவி என் வலது மணிக்கட்டில் கட்டினார். முடிச்சுப் போட்ட பிறகுதான் வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி கியர் ராடில் மாட்டுவார். வேலை முடிந்து கை கழுவியதும் வளையல்களை அவரே போட்டுவிடுவார். கடைசி வளையலும் ஏறிய பிறகுதான் பிளேடால் நூலை அறுப்பார். இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை. தெருவில் போகிறவர்கள் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். உள்ளுக்குள் பிடித்தும் இருந்தது, அதை அவரிடம் சொன்னதில்லை.

போன வருடம் அவருக்கு வாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறியது. வண்டி வாசலிலேயே நின்றது. விற்பது என்று முடிவானதும் பம்மலிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். சாவியைத் திருப்பினால் வண்டி இருமியது, நடுங்கியது, நின்றது.

"மிஸ்ஸிங் அடிக்குதுக்கா. பரவால்ல, கயிறு கட்டி இழுத்துக்கினு போய்டறேன்" என்றார் அவர்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் கணவர் தலையை வேகமாக ஆட்டினார். வாய் கோணி, எச்சில் வழிய, "கயிறு... வேணா" என்றார். இத்தனை வருடம் சோறு போட்ட வண்டியைச் செத்த மாடு மாதிரி இழுத்துக்கொண்டு போவதை அவரால் பார்க்க முடியாது. எனக்குப் புரிந்தது. பம்மல்காரரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு சீட்டைத் தூக்கினேன்.

அவசரத்தில் நூல் கட்டாமலே வளையலைக் கழற்றப் போனேன். நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் இடது கையை என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்.

வேஸ்ட் கட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் மண்டியிட்டேன். ஒரு நூலை உருவினார். என் மணிக்கட்டில் சுற்றினார். ஒரு கையால் முடிச்சு விழவில்லை, நழுவிக்கொண்டே இருந்தது. நான் உதவப் போனால் கையைத் தட்டிவிட்டார். பிறகு குனிந்து, நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுமுனையை இடது கையால் இழுத்தார். அவர் மூச்சு என் கை மேல் பட்டது. பம்மல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒன்றின் மேல் ஒன்றாக எத்தனையோ முடிச்சுகள் போட்டார், விட்டால் போய்விடும் என்பது மாதிரி.

மூன்றாவது பிளக்கின் தொப்பியைத் தடவிப் பிடுங்கினேன். ஸ்பேனரைக் குருட்டாம்போக்கில் மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கழற்றினேன். கரி பிடித்து அடுப்புக்கட்டையாக இருந்தது. புது பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் ட்யூபைச் செருகி, அதைப் பிடித்துத்தான் மரையில் உட்கார வைக்க வேண்டும். ஸ்பேனரால் ஆரம்பித்தால் மரை போய்விடும். அது அவர் சொல்லிக்கொடுத்தது. "அவசரப்படாத, தானா ஏறும்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். அன்றைக்குச் சொல்லவில்லை. நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

வண்டி ஒரே சாவியில் கிளம்பியது. அவர் கண்ணை மூடி அந்தச் சத்தத்தைக் கேட்டார். பம்மல்காரர் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். ரோட்டு முனை திரும்பிய பிறகும் நாங்கள் இருவரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வழக்கம்போல கியர் ராடில் மாட்டியிருந்தால் வளையல்களும் வண்டியோடு போயிருக்கும். நல்ல வேளை, அன்றைக்கு அவர் மடியில் போட்டிருந்தேன். இடது கையால் ஒவ்வொன்றாக ஏற்றினார். நூலை அறுக்கத்தான் அவரால் முடியவில்லை, பிளேடு கையில் நிற்கவில்லை. "அப்புறமா பாத்துக்கலாம்" என்றேன்.

அந்த அப்புறம் வரவில்லை. வீட்டில் கத்தரிக்கோல் இல்லாமல் இல்லை. அவருடைய பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பல்லால் கடித்து இழுத்துக் கட்டியிருக்கிறாரே, இது இருக்கும்வரை அவர் இருப்பார் என்று பைத்தியக்காரத்தனமாக நம்பினேன். குளிக்கும்போதுகூட அது அவிழாமல் பார்த்துக்கொண்டேன். நூல் கறுத்துப்போய் வளையல்களுக்கு அடியில் கிடந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். நூல் அப்படியேதான் இருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நான் கை மொட்டையாக ஒரு நிமிஷம்கூட இருக்கவில்லையே, பிறகு ஏன் போனார்?

காரியத்தன்று விடியலில் என்னை உட்கார வைத்தார்கள். அவருடைய அக்காதான் எல்லாவற்றையும் எடுத்தார். பூவை எடுத்தார், பொட்டை அழித்தார். இரண்டு கைகளையும் சேர்த்து மோதி வளையல்களை உடைத்தார். துண்டுகளைத் தள்ளும்போது வலது மணிக்கட்டில் அவர் விரல் தட்டியது.

"இன்னாது இது, அழுக்குக் கயிறு?"

"வேஸ்ட் நூலு அண்ணி. வண்டி வேலைக்குக் கட்டினது."

கோயில் கயிறா என்று ஒருமுறை திருப்பிப் பார்த்தார். இல்லை, வெறும் எண்ணெய் நூல். "சரி, கெடக்கட்டும்" என்று என் கையை விட்டுவிட்டார்.

நான் சேலைத் தலைப்பை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் அழுதேன்.