கார்க் கதவுக்குள் தார்

என் கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் பேனா பிடித்ததெல்லாம் விண்ணப்பப் பாரங்களில் கையெழுத்துப் போடத்தான். எந்த இடத்தில் எந்த ‘ர’ வரும் என்று இன்னும் தடுமாறுகிறேன். பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். கோபத்தை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். அது இரண்டு மாதமாக என் நெஞ்சில் கிடக்கிறது.

மலேசியாவில் கோத்தா திங்கிக்கு வெளியே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில், சாமான் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறேன். எனக்குக் கூச்சம் அதிகம். காப்பிக் கடையில் பால் இல்லாத தேநீர் கேட்டு, பால் ஊற்றிய தேநீர் வந்தாலும் பேசாமல் குடித்துவிட்டு வருவேன். ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேச எனக்கு வராது. கட்டிய மனைவியிடமும் அப்படித்தான்.

காரில் மட்டும் எனக்குப் பேச்சு வரும். இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம், கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. எங்கள் மகள் ஜொகூர் பாருவில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவளை வீட்டில் பிடிக்க முடியும். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். எங்கள் குடும்ப விஷயங்கள் எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் பேசி முடிந்தன. மகளின் கல்யாணப் பேச்சும், என் அம்மாவின் காரியமும், என் கொலஸ்ட்ராலும் எல்லாம் அங்கேதான்.

என் மனைவிக்குக் காது போனது தொழிற்சாலையில். பதினேழு வருடம் தகரம் அழுத்தும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றாள். அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் மஞ்சள் நிறக் காது அடைப்பான் கொடுப்பார்களாம். அவர்களின் கார் கேட்டைத் தாண்டி வெளியே போனதும் ஒரு பெட்டியை நீட்டி எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்வார்களாம். இதை அவள் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். எனக்குக் கேட்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வெளியே சொல்லமாட்டேன்.

போன வருடம் காதுக்கருவி வாங்கினோம். வீட்டில் போட்டுக்கொண்டால் அடுப்படியில் குக்கர் விசில் முதல் எதிர்வீட்டுச் சண்டை வரை அவளுக்குக் கேட்டது. காரில் மட்டும் முடியவில்லை. எங்கள் காருக்கு இருபத்திரண்டு வயது. கதவைச் சாத்தினால் காலி பிஸ்கட் டின்னைத் தட்டுவது போலச் சத்தம் வரும். டயர் சத்தம், லாரி சத்தம், தகரம் அதிரும் சத்தம் எல்லாவற்றையும் அந்தக் கருவி அள்ளி அவள் காதுக்குள் கொட்டியது.

“மண்டைக்குள்ள மாவு மில்லு ஓடுதுங்க,” என்பாள். முதல் சமிக்ஞை விளக்கு வந்ததும் அதைக் கழற்றிச் சின்னப் பெட்டியில் வைத்து மூடிவிடுவாள். அதற்குப் பிறகு நான் பேசுவது அவளுக்குக் கேட்காது. அந்த இரண்டு மணி நேரமும் போயிற்று.

அதனால்தான் காருக்குச் சத்தம் தடுக்கும் தாள் ஒட்டலாம் என்று ஜொகூர் பாருவில் ஒரு கடைக்குப் போனேன். அவளும் கூட வந்தாள். கார் ஸ்பீக்கர் விற்கும் கடை. முதலாளி நம் ஆள்தான், நாற்பது வயதிருக்கும். இரண்டு வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே நின்றிருந்தார்கள்.

“வாங்க அங்கிள். பேஸ் போடணுமா? காரே குதிக்கிற மாதிரி பண்ணிடலாம்.”

“அதெல்லாம் இல்ல. சத்தம் குறைக்கணும். வீட்டுக்காரம்மா காதுல மெஷின் போட்டிருக்காங்க, கார்ல போறப்ப...”

என்னை முடிக்க விடவில்லை.

“ஆன்ட்டிக்குக் காது கேக்காதா? அலாமாக்! அப்புறம் எதுக்கு அங்கிள் சவுண்ட் ப்ரூப்? மெஷின ஆப் பண்ணா முடிஞ்சிச்சிலா! நீங்க குடுத்து வச்சவரு. என் பொண்டாட்டிக்கும் ஒன்னு அப்படி இருந்தா நல்லா இருக்கும்.”

நின்றிருந்த இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பை எழுதி, அடித்து, மறுபடி எழுதுகிறேன். என் மனைவி எனக்கு இரண்டடி பின்னால் நின்றிருந்தாள். கருவி காதில் இருந்தது. அவள் சுவரில் மாட்டியிருந்த ஸ்பீக்கர்களைப் பார்ப்பது போல நின்றாள். அவளுக்கு எல்லாம் கேட்டது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

நான் அப்போதே வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்ன சாமான் ஒட்டுவீர்கள் என்று மட்டும் மெதுவாகக் கேட்டேன். “எல்லாம் ஒரே சாமான்தான் பாஸ், பேருதான் வேற,” என்றான். உள்ளே போய்ப் பார்க்கலாமா என்றேன். வேலை நடக்கும் இடத்துக்கு வாடிக்கையாளர் வரக் கூடாதாம். சாவியைக் கொடுத்துவிட்டு எதிரில் இருந்த சாப்பாட்டுக் கடையில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம். அவள் அன்றைக்கு ரொட்டி சானாயைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாளே தவிர, சாப்பிடவில்லை.

திரும்பக் கிடைத்த கார் முதல் வாரம் அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் அவள் முன்போலவே கருவியைக் கழற்றினாள். கார் அடங்கிவிட்டதே என்று சைகை செய்தேன். தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டாவது வாரம் நல்ல வெயில். ஆலை வாசலில் நிறுத்திவிட்டு மாலையில் கதவைத் திறந்தால், புதுரோடு போடும் இடத்தில் நிற்பது போலத் தார் நாற்றம். கதவின் உள்பலகைக்கு அடியிலிருந்து கறுப்பாக வடிந்திருந்தது. அந்த ஞாயிறு அவளுடைய கோயில் சேலையில் பட்டது. மண்ணெண்ணெய் போட்டும் போகவில்லை. அடுத்து மழை பெய்தது. மழைக்குப் பிறகு ஒவ்வொரு வளைவிலும் கதவுக்குள் தண்ணீர் ‘களக் களக்’ என்று ஆடியது. சத்தத்தைக் குறைக்கக் காசு கொடுத்து, இதுவரை இல்லாத ஒரு சத்தத்தை வாங்கி வந்திருந்தேன்.

கடைக்குப் போன் செய்தேன். போன் செய்வதற்கே எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

“வெயில் அப்படி அங்கிள். நான் என்ன பண்றது? சூரியனுக்குப் போன் போட்டுக் கேளுங்க,” என்றான்.

பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. இந்த முறை நான் சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை காலையில் காரை வீட்டு முன் கூரைக்குக் கீழே நிறுத்தி, கதவின் உள்பலகையை நானே பிரித்தேன். எப்படிப் பிரிப்பது என்று போனில் வீடியோ பார்த்தோம். ஏதோ ஒரு வெளிநாட்டு மொழி, எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. என் மனைவிக்கு அது ஒரு குறையாகவே இல்லை. அந்த ஆளின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். “முதல்ல கைப்பிடிக்குள்ள ஒரு ஸ்க்ரூ இருக்கு. அத விட்டுட்டு இழுத்தா உடைஞ்சிடும்,” என்றாள். சரியாக இருந்தது.

உள்ளே பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அது காருக்கான தாளே இல்லை. வீட்டுக் கூரை ஒழுகினால் ஒட்டுவோமே, மேலே வெள்ளித்தாள், கீழே தார், அந்தப் பட்டை. அழுக்கைக்கூடத் துடைக்காமல் அதன் மேலேயே ஒட்டியிருந்தார்கள். ஜன்னல் கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேற, ஒவ்வொரு கதவின் அடியிலும் சின்ன ஓட்டைகள் உண்டு. அதையும் சேர்த்து அடைத்திருந்தார்கள். பின்கதவில் அரை டம்ளர் அல்ல, ஒரு சொம்புத் தண்ணீர் நின்றது. தரை விரிப்பைத் தூக்கினேன். வாடிக்கையாளர் தூக்கிப் பார்க்கக்கூடிய முன் மூலையில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு ஒட்டிவிட்டு, மீதியெல்லாம் வெறும் தகரமாக விட்டிருந்தார்கள்.

எவ்வளவு யோசித்துச் செய்த வேலை பாருங்கள். என்னைப் போன்ற ஆள் எதுவரை தூக்கிப் பார்ப்பான் என்று அளந்து வைத்திருக்கிறான்.

சுவருக்குப் பட்டி பூசும் தகட்டால் சுரண்டினோம். இரண்டு வார இறுதி அதற்கே போயிற்று. சுரண்டிய தாரையெல்லாம் ஓர் அரிசிச் சாக்கில் போட்டு வைத்தேன். குப்பையில் போட மனம் வரவில்லை. சரியான சாமான், ரப்பர் பசை வைத்த தாள், ஒரு உதிரிப்பாகக் கடையில் கிடைத்தது. அந்தக் கடைக்காரச் சீனர் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்து, “முகர்ந்து பார்,” என்றார். தார் நாற்றம் இல்லை.

வாங்கி வந்ததை எங்கே ஒட்டுவது என்பதில்தான் நான் தவறு செய்யப் போனேன். ஓரம் விடாமல் முழுவதும் ஒட்ட அளவெடுத்தேன். என் மனைவி தடுத்தாள்.

“இஞ்சின ஸ்டார்ட் பண்ணுங்க.”

செய்தேன். அவள் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, பின்கதவுத் தகரத்தில் உள்ளங்கையை வைத்தாள். கண்ணை மூடினாள். கையை ஓரமாக நகர்த்தினாள், நடுவுக்குக் கொண்டுவந்தாள்.

“இங்க செத்துக் கிடக்கு. இங்கதான் துடிக்குது. இங்க ஒட்டுங்க.”

தொழிற்சாலையில் அப்படித்தான் வேலை பார்த்தார்களாம். அந்த இரைச்சலில் எந்தக் காதுக்கும் எதுவும் பிரியாது. மெஷின் உடம்பில் கையை வைத்து, எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று அவள் சொல்வாளாம். மெக்கானிக்கே முதலில் அவளைத்தான் கூப்பிடுவாராம். பதினேழு வருடம் அவள் காதைத் தின்ற இடம் அந்தக் கையின் திறமைக்கு ஒரு காசுகூடக் கூட்டிக் கொடுக்கவில்லை. சம்பளச் சீட்டில் அவள் கடைசி நாள் வரை சாதாரணத் தொழிலாளிதான்.

அவள் காட்டிய இடத்தில் நான் கரியால் வட்டம் போட்டேன். வட்டத்துக்குள் மட்டும் தாளை வைத்து, சின்ன உருளையால் அழுத்தித் தேய்த்தேன். பிறகு முஷ்டியால் தட்டினால் ‘டங்’ என்ற இடம் ‘டொக்’ என்றது. அவளுக்கு அது கேட்காது. கையை வைத்துப் பார்த்து, “நின்னுடுச்சு,” என்பாள். பின்சக்கரத்துக்கு மேலேதான் துடிப்பு அதிகம். அங்கே இரண்டு அடுக்கு. தரை முழுவதும் விரிப்புக்குக் கீழே கனமான நுரைப்பாய் போட்டோம். தண்ணீர் ஓட்டைகளில் ஒன்றைக்கூட நான் தொடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். அரிசிச் சாக்கு பின்னால் இருந்தது. அவள் அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு சீட் பெல்டை மாட்டினாள். முதல் சமிக்ஞை விளக்கு வந்தது. அவள் கை காதுக்குப் போனது. முடியை ஒதுக்கிவிட்டுக் கீழே இறங்கிவிட்டது. நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். ஒரு செம்பனை லாரி எங்களைத் தாண்டிப் போனது. அவள் முகம் சுளிக்கவில்லை.

கொஞ்ச தூரம் போன பிறகு பேசினாள்.

“அன்னைக்கு அந்தக் கடைக்காரன் சொன்னப்ப, நீங்க ஏன் சிரிச்சீங்க?”

காரில் மறைந்துகொள்ள ஒரு சத்தமும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் நானே ஒட்டி அடக்கியிருந்தேன்.

“பழக்கமாயிடுச்சு. யாராச்சும் சிரிச்சா நானும் சிரிச்சிடறேன். வம்பு வராதுல்ல.”

“அவன் சொன்னது எனக்குப் பெருசா இல்லைங்க. அந்த மாதிரி எத்தன பேரு சொல்லிட்டாங்க. நீங்க சிரிச்சதுதான்.”

“தப்புதான்,” என்றேன்.

“என்ன சொன்னீங்க?”

“என் தப்புதான்னு சொன்னேன்.”

“மொத தடவையே கேட்டுச்சு,” என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள், ஆனால் குரலில் சிரிப்பு இருந்தது.

மகள் வீட்டுக்குத் திரும்பும் இடத்தில் நான் திரும்பவில்லை. நேரே அந்தக் கடைக்குப் போனேன். சாக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அவன் கண்ணாடி மேசை மேல் வைத்தேன். அவளும் வந்தாள், இந்த முறை என் பக்கத்திலேயே நின்றாள். கடையில் ஏதோ ஸ்பீக்கரைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள், தரையே அதிர்ந்தது.

“என்ன அங்கிள் இது? குப்பைய இங்க கொண்டுவந்துட்டீங்க?”

“உன்னோட தார்தான். கூரைக்கு ஒட்டுறதக் கார்ல ஒட்டியிருக்க.”

“நீங்களே பிரிச்சிட்டீங்களா? அப்ப வாரண்டி போச்சு அங்கிள். நான் ஒன்னும் பண்ண முடியாது.”

“வாரண்டி கேக்க வரல. இவங்களுக்குக் காது கேக்கும். அன்னைக்கு நீ சொன்னதும் கேட்டுச்சு.”

அவன் அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“அங்கிள், அது ஜோக்லா. சீரியஸா எடுத்துக்கிட்டீங்களா?”

அவன் சிரித்துக்கொண்டே நின்றான், நானும் சிரிக்கட்டும் என்று. நான் சிரிக்கவில்லை. சொல்ல எனக்கு இன்னும் நிறைய இருந்தது. தண்ணீர் ஓட்டையைப் பற்றி, ஒரு சாண் பட்டையைப் பற்றி, அந்த மஞ்சள் அடைப்பான் பெட்டியைப் பற்றிக்கூட. ஆனால் அவன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவன் முகத்தை அவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை. முதலில் பார்வையைத் திருப்பியது அவன்தான்.

என் மனைவி என் முழங்கையைத் தொட்டாள்.

“இங்க ஒரே சத்தமா இருக்குங்க. வாங்க, நம்ம காருக்குப் போலாம்.”

போனோம். சாக்கை அங்கேயே விட்டுவிட்டேன். அங்கே சொல்லாமல் விட்டதையெல்லாம் இங்கே எழுதிவிட்டேன். என் நகக் கண்ணில் அந்தத் தார் இன்னும் இருக்கிறது. இந்தத் தாளின் ஓரத்தில் தெரியும் கறுப்பும் அதுதான்.

சனிக்கிழமை, 16 ஆகஸ்ட் 2025.